நாலு அங்குல ஓட்டையும் நானும்

லண்டனில் உடுப்பைக் காயவைப்பது பெரிய வேலையில்லை. உடுப்பிலிருந்து கிளம்பிய தண்ணியை வீட்டைவிட்டுக் கிளப்புவதுதான் பெரிய வேலை, அதுதான் என் தொழில்.

உங்களுக்குத் தெரியாததா? விடிய எழும்பி யன்னல் சீலையை விலக்கினால் கண்ணாடி முழுக்கத் தண்ணி. அடிக்கட்டையில் சின்னக் குளம். பழைய துவாய் ஒன்றால் அதைத் துடைத்து, அந்தத் துவாயைத் தோய்த்து, அதையும் ட்ரையரில் போட்டு, அது கக்குகிற ஆவியை அடுத்தநாள் விடிய அதே யன்னலில் துடைக்கிறோம். அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்னால் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். பத்திரமாய் மடித்து வைத்த கூறைச் சேலையில் ஒரு மக்கல் மணம். நீ கதவைத் திறந்துவைத்துச் சமைக்கிறதால்தான் இப்படி என்று மனிசன் சொல்லுவார். நீங்கள் குளித்துவிட்டு யன்னல் திறக்காததால்தான் இப்படி என்று மனிசி சொல்லுவா. இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, மூலையில் ட்ரையர் தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் ஜெசிந்தா. சொந்த இடம் மன்னார், இருப்பது லண்டன் எட்மண்டன். ட்ரையரின் ஆவி வெளியே போகக் குழாய் பூட்டுவது, அதற்காகச் சுவரில் நாலு அங்குல ஓட்டை போடுவது, உடுப்பிலிருந்து உதிர்ந்து குழாயில் அடைத்த பஞ்சை எடுப்பது, எங்கேயிருந்து ஈரம் வருகிறது என்று தேடிப் பிடிப்பது, இவைதான் என் வேலைகள். முதலில் மெஷின் திருத்துகிற ஒரு சின்னக் கம்பனியில் ரெலிபோன் எடுக்கிறவளாக இருந்தேன். "யன்னலெல்லாம் தண்ணி, மெஷின் பழுதாக்கும்" என்று அழைக்கிற ஆட்களோடு கதைத்துக் கதைத்து, பாதிப் பேருடைய வீட்டில் பழுது மெஷினில் இல்லை, ஆவி போகிற வழியில்தான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. பயிற்சி எடுத்தேன். ட்ரில் வாங்கினேன். வான் வாங்கினேன். என் மனிசன் அன்ரன் வான் ஓட்டுவார், ஏணி பிடிப்பார், தூசி உறிஞ்சுகிற மெஷினைப் பிடிப்பார். சுவரில் கை வைப்பது நான். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

வேலைகாரர் எங்கே?

குட்மேய்ஸில் நடராசா அண்ணையின் வீடுதான் நான் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்த முதல் வேலை. கதவைத் திறந்தவர் நேரே என்னைத் தாண்டிப் போய் அன்ரனின் கையைப் பிடித்தார். "வாங்கோ தம்பி, வாங்கோ" என்று குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், ட்ரையரின் குழாயை யன்னலால் வெளியே விட்டு மிச்ச இடைவெளியைக் காட்போட் மட்டையால் அடைத்திருக்கிற தன் கைவேலையை எல்லாம் அவருக்குக் காட்டினார். மழை பெய்து மட்டை ஊறித் தொங்கியது. குளிர் உள்ளே வர, ஆவியும் உள்ளே வர, இரண்டும் குசினிக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அன்ரன் எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "நான் ட்ரைவர் அண்ணை. வேலைகாரர் அவதான்" என்று என்னைக் காட்டினார். அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். எந்தப் பக்கம் உடையும் என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது.

நான் சுவருக்குள் வயர் போகிறதா, தண்ணிக் குழாய் போகிறதா என்று கருவியை வைத்துப் பார்த்தேன். மெல்லிய நீளத் துளை ஒன்றை முதலில் சுவரின் மறுபக்கம்வரை போட்டேன், வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே சரிவாக. அப்போதுதான் குழாயில் தேங்குகிற தண்ணி வீட்டுக்குள் வராமல் வெளியே வடியும். பிறகு வட்டக் கத்தி பூட்டிய பெரிய ட்ரில்லைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்தேன். அது போடுகிற சத்தத்தில் நடராசா அண்ணையின் மனிசி சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா. செங்கல் வட்டம் ஒன்று முழுசாய்க் கழன்று வர, பின்னால் தோட்டத்து வெளிச்சம் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணை செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தோட்டப்பக்கம் நின்று பார்த்தார். குனிந்து ஓட்டைக்குள்ளால் எங்களைப் பார்த்தார். திரும்ப உள்ளே வந்தார். திரும்பவும் வெளியே போனார். கடைசியில் அந்த ஓட்டைக்குள்ளாலேயே குரல் வந்தது:

"தங்கச்சி, இந்தப் பக்கமும் வட்டமாத்தான் வந்திருக்கு!"

மாதாவின் கண்ணீர்

எங்கள் தேவாலயப் பங்கில் பிலோமினா அன்ரி என்று ஒருவர். எட்மண்டனில் தனியாக இருக்கிறா. மனிசன் காலமாகி, பிள்ளைகள் இரண்டும் கலியாணம் முடித்து வேறு நாடுகளில். சனிக்கிழமை பின்னேரங்களில் அவவுடைய வீட்டில் செபமாலை சொல்லுவோம். ஒரு சனிக்கிழமை நாங்கள் முழந்தாளில் இருக்கும்போது, சின்ன அறைச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு துளி திரண்டு கன்னத்தால் இறங்கியது. ஒருவர் கண்டு மற்றவருக்குக் காட்ட, செபமாலை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு பேர் விம்மத் தொடங்கினார்கள். போன கிழமையும் இப்படித்தான் அழுதவா என்று அன்ரி மெல்லச் சொன்னா. நானும் படத்தைப் பார்த்தேன். ஆனால் என் கண் என் சொல் கேளாமல் படத்தைவிட்டுச் சுவருக்குப் போய்விட்டது. சுவர்க் கடதாசி மூலையில் உரிந்திருந்தது. பக்கத்து அறையில் ட்ரையர் ஓடுகிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை அன்ரி உடுப்புத் தோய்க்கிற நாள்.

அன்ரனுக்கு என் முகம் தெரியும். "பேசாமல் செபத்தைச் சொல்லு" என்று காதுக்குள் சொன்னார். சொன்னேன். ஆனால் எல்லாரும் போனபிறகு நான் போகவில்லை. கோப்பைகளைக் கழுவித் தாறன் என்று நின்றுகொண்டு, "அன்ரி, ஒருக்கா உங்கட மெஷினை இழுத்துப் பார்க்கட்டா?" என்று கேட்டேன். இழுத்தோம். பின்னால் குழாய் சுவரைவிட்டுக் கழன்று நிலத்தில் கிடந்தது. எத்தனை மாதமோ தெரியாது, தோய்க்கிற உடுப்பின் ஆவி முழுவதும் வீட்டுக்குள்ளேயே நின்று, வெளிச்சுவரில் மாட்டிய குளிர்ந்த கண்ணாடியில் போய்த் தண்ணியாகிக்கொண்டிருந்தது. படத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் சுவர் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை எந்த வாயால் சொல்லுவது? அந்தக் கண்ணீரை நம்பித்தானே அன்ரி இந்தக் கிழமை முழுக்க இருந்திருப்பா. குழாயைப் பூட்டினேன், இறுக்கு வளையம் போட்டேன், சுவர் காயும்வரை படத்தை உட்சுவரில் மாட்டச் சொன்னேன். ஏன் என்று அவ கேட்டா. உள்ளதைச் சொன்னேன். அன்ரி கொஞ்ச நேரம் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தா. பிறகு சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"அழுதது மாதாதான் பிள்ளை. நான் தனிய இருக்கிற வீட்டில சுவர் ஊறுதெண்டு எனக்குச் சொல்ல வேற ஆர் இருக்கினம்?"

குடியேறிய குருவி

மாலினி மலேசியாவில் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே வீடும் வாங்கிவிட்டவ. இரட்டைப் பிள்ளைகள். விடுமுறைக்குக் குடும்பமாய் ஊருக்குப் போய்வந்து, மலைபோல் அழுக்கு உடுப்போடு ட்ரையரைப் போட்டால் உடுப்பு காயவில்லை, அறை முழுக்கப் புழுக்கம். குழாயில் பஞ்சு அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஏணி வைத்து ஏறினேன். ஆவி போகிற வாயின் மூடிக்குள் பஞ்சுதான் இருந்தது. ஆனால் அது வட்டமாய், வடிவாய், காய்ந்த புல்லும் பாசியும் சேர்த்துப் பின்னியிருந்தது. நடுவில் முட்டைகள். ஏணிக்குப் பக்கத்து வேலியில் ஒரு ராபின் குருவி நின்று என்னைத் திட்டித் தீர்த்தது. ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அது வீடு கட்டிவிட்டது.

முட்டை இருக்கிற கூட்டைத் தொட இந்த நாட்டில் சட்டம் விடாது; சட்டம் விட்டாலும் என் கை விடாது. நான் இறங்கிவந்து, குஞ்சுகள் பறக்கும்வரை ட்ரையரைப் போடவேண்டாம் என்று சொல்லி, மெஷினின் வயரைக் கழற்றிச் சுற்றி மேலே வைத்தேன். மாலினி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டா. ஆனால் அடுத்தநாளே இந்தப் பக்க வீட்டுக்காரர் ஒரு கூடை, அந்தப் பக்க வீட்டுக்காரர் ஒரு கூடை என்று உடுப்புகளைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்களாம். இவ்வளவு காலமாய்த் தலையாட்டலோடு நின்றவர்கள் கூடு பார்க்கத் தோட்டத்துக்குள் வரத் தொடங்கிவிட்டார்கள். கடைசிக் குஞ்சும் பறந்தபிறகு நான் போய்க் குழாயைத் துப்புரவாக்கி, இனிக் குருவி நுழையாதபடி கம்பிச் சட்டம் பூட்டிக் கொடுத்தேன். மாலினி ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று சொன்னா:

"எங்க மாமியார் வந்தாகூட இவ்வளவு நாள் தங்க விட்டதில்லை அக்கா, இந்தக் குருவிக்கு வீட்டையும் கொடுத்து, அதுக்கு இடைஞ்சல் பண்ணாதீங்கன்னு புள்ளைங்களையும் திட்டியிருக்கேன்!"

பத்து மணிக்கு ஏறுகிற கோடு

வெஸ்ட் ஈலிங்கில் பிரகாஷ் என்று ஒரு சிங்கப்பூர்த் தம்பி. புது ஃபிளாட், புது ட்ரையர், ஆவியை வெளியே விடாமல் தானே தண்ணியாக்கித் தொட்டியில் சேர்க்கிற நல்ல விலையான ரகம். ஆனாலும் யன்னலில் தண்ணி. மெஷின்காரர் வந்து பார்த்து ஒரு பழுதும் இல்லை என்றுவிட்டார்கள். தம்பி விடவில்லை. ஒவ்வொரு அறையிலும் ஈரத்தை அளக்கிற சின்னப் பெட்டி வைத்து, அதன் கணக்கைப் போனில் கோடாக வரப்பண்ணி வைத்திருந்தார். எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்துவிட்டது. நான் கையாலும் மூக்காலும் தேடுவதை அவர் படமாகக் கீறி வைத்திருக்கிறார். "இதைப் பாருங்க. வேலை நாள்ல காலையில பத்து மணிக்கு மேல கோடு ஏறுது. சனி, ஞாயிறுல ஏறல. அந்த நேரம் ட்ரையரே ஓடாது, நானும் வைஃபும் ஆபீஸ்ல இருப்போம்" என்றார்.

"அப்ப வீட்டில ஆர் நிக்கிறது?" என்று கேட்டேன். அப்பா மட்டும்தான், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், அவர் மெஷின் பக்கமே போகமாட்டார் என்றார். சோபாவில் இருந்த அப்பா அந்த நேரம் பார்த்துப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவருடைய அறையைப் பார்க்கப் போனேன். ஹீட்டருக்கு மேலே சுவரில் சரியாக ஒரு மடித்த வேட்டியின் அகலத்துக்கு ஈரத் தடம். யன்னல் சீலைக்குப் பின்னால் நைலோன் கயிறும் கிளிப்புகளும். அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். மகன் ஆசையாய் வாங்கிய மெஷினாம், அதில் போட்டால் வேட்டி சுருங்கி முறுகிப்போகிறதாம், அதனால் பிள்ளைகள் வேலைக்குப் போனதும் குளியலறையில் கையால் தோய்த்து, பிழியாமல் ஹீட்டரில் விரித்து, அவர்கள் வருவதற்கு முன் மடித்து வைத்துவிடுகிறாராம். மகனின் மனம் நோகக்கூடாது என்றுதான் இவ்வளவு களவும்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறைக்கவும் ஏலாது, கோடு ஏறிக்கொண்டேயிருக்குமே. அப்பா, மகன், மருமகள் மூன்று பேரையும் மேசையைச் சுற்றி இருத்தி, நானே கதையைச் சொன்னேன். மகன் சிரித்துவிட்டார். குளியலறையில் கொடி கட்டி, ஈரக்காற்றை வெளியே தள்ளுகிற காற்றாடியைக் கூடின நேரம் ஓடுகிற மாதிரி மாற்றி, கதவைச் சாத்திவைக்கச் சொன்னேன். இரண்டாவது கிழமை தம்பி போனில் கோட்டை அனுப்பினார், மேசை மாதிரி மட்டமாய். வேலை முடித்து நான் அன்றைக்கு வெளிக்கிடும்போது அப்பா மட்டும் வாசல்வரை வந்து, தன் பக்க நியாயத்தை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் விட்டார்:

"மெஷின் சூட்டுல முறுகின வேட்டியைக் கட்டிக்கிட்டு அம்மன் முன்னாடி போய் நின்னா, அவ என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாளாம்மா?"

சலூன் மணம்

குலம் அண்ணைக்கு ஒரு சலூனும் அதற்கு மேலே ஒரு ஃபிளாட்டும், இன்னும் சில வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளின் வேலையெல்லாம் எனக்குத்தான் தருவார். ஒருநாள் அழைத்து, "மேல் வீட்டில சுவரெல்லாம் பூஞ்சணம். வாடகைக்கு இருக்கிறதுகள் ட்ரையரை ஓட்டி ஓட்டி வீட்டை நாசமாக்குதுகள். நீ வந்து பார்த்து, அதாலதான் எண்டு சொல்லு. மெஷினைத் தூக்க வேணும், இல்லாட்டி அதுகள் வீட்டைவிட்டு எழும்ப வேணும்" என்றார். மேல் வீட்டில் தர்சினி என்கிற பிள்ளையும் மனிசனும் ஆறு வயது மகள் அபியும். மனிசன் ஷிப்டில் இருந்தார். அபி கதைக்கும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு இருமல். படுக்கையறையில் முந்தி நெருப்பு எரித்த பழைய கணப்பைப் பலகை மட்டை அடித்து மூடியிருந்த சுவர், நிலத்திலிருந்து கூரைவரை கறுத்திருந்தது. தர்சினி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவவுக்குத் தெரியும். பெட்டிகளைக் கட்டத் தொடங்கியிருந்தா.

முதலில் அவவுடைய ட்ரையரைப் பார்த்தேன். சின்ன மெஷின், ஆவி தண்ணியாகிச் சேர்ந்து தொட்டி நிறைய, கதவு ரப்பர் சரி, பஞ்சு வடிகட்டி நேற்றுக் கழுவின மாதிரி. இப்படி ஒழுங்காய் வைத்திருக்கிற வீட்டை நான் அதிகம் கண்டதில்லை. மற்ற வெளிச்சுவர்களைத் தொட்டேன், காய்ந்துதான் இருந்தன. அந்த ஒரு சுவர் மட்டும் ஏன்? படியால் இறங்கிச் சலூனுக்குப் போனேன். பின்னறையில் துவாய் காயவைக்கிற பெரிய ட்ரையர். நாள் முழுக்க ஓடுகிறது. அதன் குழாய் எங்கே போகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரில் ஓட்டை போடுகிற செலவை மிச்சம்பிடிக்க, யாரோ அதைப் பழைய புகைபோக்கிக்குள் செருகி விட்டிருந்தார்கள். கூரைக்கு மேலே புகைபோக்கியின் வாயோ எப்போதோ மூடியாயிற்று. கீழ்க்கடை ஆவி முழுவதும் போக்கிடமில்லாமல் மேல்வீட்டுப் பிள்ளையின் படுக்கையறைச் சுவருக்குள் நின்றது.

படியில் அன்ரன் என்னை மறித்தார். "ஜெசி, வாடகைக்கு இருக்கிறவை போவினம், வருவினம். குலம் அண்ணைதான் எங்களுக்கு வேலை தாறவர். யோசிச்சுக் கதை" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. என் கால் இரண்டு படிக்கு நடுவில் நின்றுவிட்டது. மேலேயிருந்து அபியின் இருமல் கேட்டது. பிறகு நான் யோசிக்கவில்லை. கீழே நின்ற குலம் அண்ணையையும் மேலே கூப்பிட்டேன். சலூனில் வேலை செய்கிற பிள்ளையிடம் ட்ரையரைப் போடச் சொல்லிவிட்டு, கணப்பின் மட்டையில் இரண்டு ஆணியைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. குலம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போது அபி மட்டைக்குக் கிட்டப் போய் மூக்கைச் சுருக்கி, "அம்மா, சலூன் மணக்குது" என்றாள். கையை வைத்துப் பார்த்து, "சுடுது" என்றாள்.

நான் சொல்லவேண்டியதை முகத்துக்கு நேரே சொன்னேன்: "ஈரம் இவையின்ர இல்லை அண்ணை, உங்கட." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ என்ர ஆள் எண்டெல்லோ உன்னைக் கூப்பிட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் வேலையைச் செய்து தருகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை, வேறு ஆளைப் பிடித்தார். அந்த ஆளும் வந்து பார்த்து அதையே சொல்லிவிட்டானாம். பிறகு வேறு வழியில்லாமல் குலம் அண்ணை கடையின் பின்சுவரில் ஓட்டை போட்டு ஆவியை வெளியே விட்டு, மேல் சுவரைக் காயவைத்து, பூச்சும் பூசிக் கொடுத்தார். தர்சினி கட்டிய பெட்டிகளை அவிழ்த்துவிட்டா. அபி திரும்ப அந்த அறையில் படுக்கத் தொடங்கி, இருமலும் மெல்ல மெல்ல அடங்கியதென்று தாய் ரெலிபோனில் சொன்னபோது, வானை ஓரமாய் நிறுத்தச் சொன்னேன். அன்ரன் நிறுத்திவிட்டு என் தோளில் ஒருக்காத் தட்டினார். குலம் அண்ணையிடமிருந்து நெடுநாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருநாள் தன் சொந்த வீட்டில் ட்ரையர் அறை ஈரமாயிருக்கிறதென்று அவரே அழைத்தார்:

"வேலைக்கு நீதான் வேணும், ஜெசி. வாயை மட்டும் வான்ல வைச்சிட்டு வா."

றீற்றா அக்காவின் யன்னல்

அருளப்பு அண்ணை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிசி றீற்றா அக்கா பக்கவாதம் வந்து கட்டிலோடு. கீழ்த்தள ஃபிளாட்டின் முன்னறையிலேயே கட்டில், அதே அறையின் மூலையில் ட்ரையர். வேறு இடமில்லை. நாளுக்குப் பல தரம் விரிப்பு மாற்றவேண்டும், எல்லாவற்றையும் அண்ணை தானே தோய்த்து, தானே காயவைக்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு ட்ரையரின் குழாயை ஒரு வாளித் தண்ணிக்குள் விட்டிருந்தார். ஆவி அந்த வாளியைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. யன்னல் பால் ஊற்றினமாதிரி வெள்ளை. திறக்கவும் முடியாது, அக்காவுக்குக் குளிர் ஆகாது. அறை ஈரம் நெஞ்சுக்குக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். "நான் இவவைச் சுத்தமா வைச்சிருக்கிறன் எண்டுதான் நினைச்சன் தங்கச்சி. இப்ப அதுவே இவவுக்கு வருத்தமெண்டால் நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

ஓட்டை போட இருந்தது ஒரே ஒரு வெளிச்சுவர், கட்டிலின் தலைமாட்டுக்குக் கிட்ட. வேலை முடியும்வரை அக்காவைச் சக்கர நாற்காலியில் குசினிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அக்கா தலையை ஆட்டினா, மாட்டாவாம். பார்க்கவேண்டுமாம். கட்டிலை எதிர்ச் சுவரோடு தள்ளி, அன்ரன் கூரையிலிருந்து நிலம்வரை கண்ணாடி மாதிரி பிளாஸ்ரிக் விரிப்பைக் கட்டித் தூசிக்கு மறைப்புப் போட்டார். விரிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சோடிக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "சத்தம் கூடினால் விரலைத் தூக்குங்கோ அக்கா, நிப்பாட்டுறன்" என்றேன். அந்தச் சுவர் பொல்லாத சுவர். பழைய செங்கல், இரும்பு மாதிரி. கொஞ்சம் துளைக்க விரல் எழும்பும், நிறுத்துவேன். விரல் இறங்கும், துளைப்பேன். ஒரு சாதாரண ஓட்டைக்கு எடுக்கிற நேரத்தைப்போல் எவ்வளவோ மடங்கு எடுத்தது. என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் நான் போட்ட எல்லா ஓட்டைகளிலும் மிக வடிவான ஓட்டை அதுதான், விளிம்பில் ஒரு சில்லுகூட உடையவில்லை.

குழாயைப் பூட்டி, தூசியெல்லாம் துடைத்து, கட்டிலை யன்னல் பக்கம் திருப்பி விட்டோம். அண்ணை ஈர விரிப்பு இரண்டைப் போட்டு ட்ரையரை ஓட விட்டார். அன்ரன் யன்னலைத் துடைத்தார். வழக்கமாய் மெஷின் சூடேறுவதற்குள் கண்ணாடி திரும்ப மூடிவிடுமாம். தேத்தண்ணிக் கோப்பையோடு மூன்று பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூடவில்லை. மெஷின் ஓடி முடிந்தது, அப்போதும் மூடவில்லை. தெரு தெரிந்தது, எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது, ஒரு பிள்ளை சைக்கிளில் போனது தெரிந்தது. அண்ணை மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்தபிறகு அக்கா ஓம், இல்லைக்கு மேலே கதைப்பது குறைவு என்று எனக்கு முதலே சொல்லியிருந்தார். அக்கா வடிவாய்த் தெருவை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பார்த்தா. பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாய், மனிசனிடம் கேட்டா:

"எல்லாற்ற குப்பை வாளியும் உள்ளுக்குப் போயிட்டுது. எங்கட வாளி மட்டும் ஏன் றோட்டில நிக்குது?"

ஊரார் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு, அதற்கு நன்றியும் தேத்தண்ணியும் வாங்கிக் குடித்து, பட்டப்பகலில் முன்வாசலாலேயே கையசைத்துக்கொண்டு வெளியே வருகிற தொழில் இந்த லண்டனில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.